மெய்நிகர் மிதிவண்டிப் பயணம்: ஒரகடத்து அறையும் எரிமலைச் சாலையும்

மெய்நிகர் மிதிவண்டிப் பயணம் என்பது, அறைக்குள் ஒரே இடத்தில் பொருத்திய மிதிவண்டியை மிதித்தபடி, திரையில் தெரியும் சாலையில் பயணம் செய்வதாகும். திரையில் ஏற்றம் வந்தால் மிதி கனக்கும். இறக்கம் வந்தால் இலகுவாகும். அந்தச் சாலை உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம், கற்பனைத் தீவிலும் இருக்கலாம்.

இத்தகைய பயணங்களில் எரிமலைச் சாலைகளுக்குத் தனி வரவேற்பு உண்டு. பல எரிமலைகள் கடலுக்கு நடுவே தீவுகளாகத் தனித்து எழுந்தவை. ஆகவே கடற்கரையில் தொடங்கி மேகத்துக்கு மேலே முடியும் நீண்ட ஏற்றம் அங்கே கிடைக்கிறது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மௌயி தீவிலுள்ள ஹலேயாகலா எரிமலைச் சாலை, கடற்கரையிலிருந்து சுமார் 58 கிலோமீட்டர் தொலைவுக்குள் 3,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. கேனரித் தீவுகளின் தெய்தே (3,715 மீட்டர்), சிசிலியின் எட்னா ஆகியவையும் மிதிவண்டிக்காரர்களிடையே புகழ்பெற்றவை.

இதை விளக்க ஹவாய்க்கோ சிசிலிக்கோ போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இதே தத்துவம் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஓடாமல் ஓடும் வண்டிகள்

இப்பகுதி தட்டையான நிலம். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தின் மாக்கல், களிக்கல் அடுக்குகளைப் புவியியலாளர்கள் "ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள்" என்றே அழைப்பார்கள். கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த இவ்வடுக்குகளில் தாவரப் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. நீரில் படிந்து உருவான மண் இது. எரிமலைக் குழம்பு இறுகியதன்று. மிதிவண்டிக்கு மூச்சுவாங்கும் ஏற்றம் வேண்டுமென்றால் இங்கே மேம்பாலங்கள்தாம் உண்டு.

அந்தத் தட்டை நிலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ, நிசான் கார்களும், 2012 முதல் டைம்லர் லாரிகளும், 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகின்றன. அவற்றை ஏற்றிச்செல்லும் கனரக வாகனங்களும், ஷிஃப்டு மாறும் நேரத்தில் வரிசையாக வரும் நிறுவனப் பேருந்துகளும் சாலையை நிறைத்துவிடுகின்றன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் விடியற்காலையில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு, பக்கவாட்டில் கன்டெய்னர் லாரி கடக்கும்போது எழும் காற்றின் இழுப்பு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்பகுதியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இரவு ஷிஃப்டு முடிந்து வருகிறவர் சாலையில் மிதிவண்டிப் பயிற்சி செய்வது ஆபத்து என்று அவர் மனைவி தடுத்துவிட்டார். நண்பர்கள் மூவர் சேர்ந்து பழைய பயிற்சிக் கருவி ஒன்றை வாங்கி, ஒருவர் வாடகை அறையில் வைத்துக்கொண்டார்கள். பார்க்கப் போயிருந்தேன். திரையில் கறுத்த எரிமலைப் பாறை. கீழே மொசைக் தரை. அதன்மேல் பின்சக்கரம் கழற்றிய மிதிவண்டி. எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னார்: "சார், இது ஒண்ணும் புதுசு இல்ல. லைன் முடிவுல நாங்க பண்ற ரோலர் டெஸ்ட்தான். அங்க கார் நிக்கும், சக்கரம் மட்டும் ஓடும். இங்க நான் நிக்கிறேன்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. தொழிற்சாலையில் முழுமையடைந்த வண்டியை வெளியே அனுப்புவதற்கு முன் உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பிரேக், வேகமானி முதலியவை அப்போது சோதிக்கப்படும். இதைவிட நுட்பமான கருவி சேஸிஸ் டைனமோமீட்டர். வண்டி எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது என்று சான்றளிப்பதற்கான சோதனை திறந்த சாலையில் மட்டும் நடப்பதில்லை. ஆய்வகத்தில் உருளைமேல் நிறுத்திய வண்டியிலும் நடக்கிறது. மைய அரசின் தேசிய வாகனச் சோதனைத் திட்டத்தின்கீழ் அமைந்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் ஒரகடத்தில்தான் இருக்கிறது. வண்டிகளைச் சோதிப்பதற்கான ஓடுபாதைகளும் ஆய்வகங்களும் அங்கே உள்ளன.

உருளைமேல் நிற்கும் காருக்கு எதிர்க்காற்று கிடையாது. அப்படியானால் அந்தச் சோதனை எப்படி உண்மையாகும்? முதலில் ஓடுபாதையில் காரை வேகமாக ஓட்டி, கியரை நியூட்ரலில் போட்டுத் தானாக வேகம் குறைய விடுவார்கள். எந்த வேகத்தில் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதிலிருந்து, சாலையும் காற்றும் அந்த வண்டியை எவ்வளவு விசையோடு பின்னிழுக்கின்றன என்று கணக்கிடுவார்கள். அதே விசையை உருளை தரும்படி அமைத்துவிட்டால், சக்கரத்தைப் பொறுத்தவரை அது சாலைதான். வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகச் சாலையின் எதிர்ப்பை வண்டியிடம் கொண்டுவருகிறார்கள்.

மிதிவண்டிப் பயிற்சிக் கருவி

"ஸ்மார்ட் டிரெய்னர்" எனப்படும் பயிற்சிக் கருவி இதன் சிறு வடிவம். ஒரு வகையில் பின்சக்கரம் ஒரு சிறு உருளையை அழுத்திச் சுற்றும். இன்னொரு வகையில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகக் கருவியின் பல்சக்கரத்தில் மாட்டுவார்கள். உள்ளே ஃபிளைவீல் என்னும் கனமான சக்கரம் ஒன்று இருக்கும். மிதிப்பதை நிறுத்தியதும் வண்டி சட்டென்று நின்றுவிடாமல், சாலையில் போலச் சற்று உருண்டு செல்லும் உணர்வைத் தருவது அதுதான்.

எதிர்ப்பைத் தருவது பெரும்பாலும் மின்காந்தம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் சுழல் மின்னோட்டம் என்று படிப்போம். அலுமினியம் போன்ற உலோகத்தட்டு காந்தப்புலத்தில் சுழலும்போது அதற்குள்ளேயே மின்னோட்டம் வட்டமிடும். லென்ஸ் விதிப்படி அந்த மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கும். மின்காந்தத்துக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டினால் எதிர்ப்பு கூடும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறக்கிற அந்த விதி, இங்கே தொடைத்தசையில் தெரியும்.

கருவி திருப்பு விசையையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு, ஓட்டுபவரின் திறனை வாட் அளவில் கணித்து, புளூடூத் வழியாகச் செயலிக்கு அனுப்புகிறது. செயலி தன்னிடமுள்ள சாலையின் சரிவைப் பார்த்து, "இப்போது நூற்றுக்கு ஏழு ஏற்றம்" என்று கருவிக்குச் சொல்கிறது. கருவி எதிர்ப்பை மாற்றுகிறது. இந்தப் பேச்சுவார்த்தை இடைவிடாமல் நடக்கிறது. சில கருவிகளில், நன்றாகச் சூடேறிய பின் வேகமாக மிதித்து, காலை நிறுத்தி, சக்கரம் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து சரிசெய்துகொள்ளும் வசதி உண்டு. ஓடுபாதையில் காரை நியூட்ரலில் விட்டதும் இதுவும் ஒரே சோதனை.

இக்கருவிகளுக்கும் முன்கதை உண்டு. அமெரிக்காவின் ரேசர்மேட் நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலேயே கணினியோடு இணைந்த பயிற்சிக் கருவியைச் செய்தது. பரவலானது 2014இல் தொடங்கிய ஸ்விஃப்ட் செயலிக்குப் பிறகு. (கார் செய்யும் ஊரில் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அதே ஒலியுள்ள காருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 2020 ஊரடங்கு வந்தபோது வீட்டில் அடைபட்ட தொழில்முறை வீரர்களும் இதில் ஏறினார்கள்.

ஓர் ஏற்றத்தின் கணக்கு

செயலி போடும் கணக்கை மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். மிதிவண்டியை எதிர்ப்பவை மூன்று: ஏற்றத்தில் புவியீர்ப்பு, டயர் உருளும்போது ஏற்படும் உராய்வு, காற்று. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ மிதிவண்டியில் செல்வதாகக் கொள்வோம். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 2.5 மீட்டர். புவியீர்ப்பை வெல்ல மட்டும் தேவையான திறன் 70 × 9.8 × 0.1 × 2.5 = சுமார் 171 வாட். அந்த வேகத்தில் காற்றுக்குச் செலவாவது மூன்று நான்கு வாட்தான். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் செல்லும்போது நிலைமை தலைகீழ்: செலவாகும் சுமார் 95 வாட்டில் பெரும்பகுதி காற்றுக்கே போகும்.

செயலியின் நம்பகத்தன்மை இங்கேதான் இருக்கிறது. புவியீர்ப்பு எதிர்ப்பை எடை, சரிவு என்ற இரண்டு எண்களிலிருந்து துல்லியமாகக் கணக்கிட முடியும். காற்றின் எதிர்ப்போ உடலின் வடிவம், குனியும் அளவு, அன்றைய காற்று எல்லாவற்றையும் பொறுத்தது. அதை ஊகிக்கத்தான் முடியும். எனவே சமதளப் பயணத்தைவிட மலையேற்றத்தைத்தான் கருவி உண்மைக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. நீண்ட எரிமலைச் சாலைகள் இதற்கு ஏற்றவையாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமன்று.

ஒரு நுணுக்கம் புதியவர்களைக் குழப்பும். ஸ்விஃப்ட் செயலியில் ஏற்றத்தின் கனத்தைக் குறைத்து உணரச் செய்யும் அமைப்பு உண்டு. வழக்கமாக அது பாதி அளவில் இருக்கும். அப்போது பத்து விழுக்காட்டு ஏற்றம் காலுக்கு ஐந்து போலத் தெரியும். அதனால் உச்சிக்குப் போகும் வேலை பாதியாகிவிடாது. திரையில் நகரும் வேகம் உங்கள் வாட், உங்கள் எடை, உண்மையான பத்து விழுக்காடு ஆகியவற்றைக் கொண்டே கணக்கிடப்படும். கியர் மாற்றும் தேவைதான் குறையும்.

தமிழர் வாழும் ஓர் எரிமலைத் தீவு

எரிமலை என்றதும் நமக்கு அந்நியமான ஒன்று என்று தோன்றும். இந்தியாவில் உயிர்ப்புள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 138 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ளது. 1787இல் அதன் வெடிப்பு பதிவு செய்யப்பட்டது. நீண்ட காலம் அடங்கியிருந்து 1991இல் மீண்டும் வெடித்தது. அங்கே மக்களும் இல்லை, சாலையும் இல்லை.

மக்களும் சாலையும் தமிழும் எரிமலையும் சேர்ந்திருக்கும் இடம் ரீயூனியன். இந்தியப் பெருங்கடலில் மொரிஷியசுக்குத் தென்மேற்கே உள்ள பிரெஞ்சுத் தீவு. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் பெருமளவில் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க 1860இல் பிரெஞ்சு அரசோடு உடன்படிக்கை ஏற்பட்டது; 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கோயில் கட்டித் தீமிதி நடத்துகிறார்கள். அதே தீவின் தென்கிழக்கில் நிற்பது பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர் உயரம், உலகின் மிகுந்த உயிர்ப்புள்ள எரிமலைகளுள் ஒன்று. பெயருக்கு "உலைச் சிகரம்" என்று பொருள் கொள்ளலாம்.

பூர்-முரா என்ற ஊரிலிருந்து எரிமலையின் விளிம்புக்கு ஒரு சாலை போகிறது. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் தொடங்கி, மேய்ச்சல் புல்வெளிகளைக் கடந்து, பிளேன் தே சாப்ல் என்னும் செம்பழுப்பு நிற எரிமலை மணல்வெளியில் இறங்கி, பா த பெல்கோம்ப் என்ற விளிம்பில் 2,300 மீட்டருக்கு மேல் முடிகிறது. புல்லும் மரமும் அற்ற அந்த வெளியைப் படத்தில் பார்த்தால் வேறு கோள் என்றே தோன்றும்.

நிகர உயரத்தை 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 70 கிலோவை அங்கே ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் 70 × 9.8 × 700 = சுமார் 4,80,000 ஜூல். 150 வாட் திறனில் மிதித்தால் புவியீர்ப்புக்காக மட்டும் 53 நிமிடங்கள். உடல் தான் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மிதியில் வேலையாக மாற்றுகிறது. ஆகவே இந்த ஏற்றத்துக்கு உடல் செலவிடுவது ஏறத்தாழ 500 கிலோகலோரி. ஓர் இட்லிக்கு 50 என்று வைத்தால் பத்து இட்லி. சட்னி, சாம்பாரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

திரையில் சாலை எப்படி வருகிறது

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வரைகலையால் முழுதாகப் படைப்பது. ஸ்விஃப்டின் வாட்டோபியா தீவு இப்படிப்பட்டது. கற்பனைத் தீவாயினும் பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுப் பகுதியில் அதற்கு இடம் குறித்திருக்கிறார்கள். அதிலுள்ள எரிமலையின் சாலை, குழம்பு ஒளிரும் குகை வழியே போய் உச்சிக்கு ஏறும். உண்மை எரிமலையில் அப்படிப் போக முடியாது என்பதைச் சிறுவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது, உண்மைச் சாலையைப் படமெடுத்து, ஓட்டுபவரின் வேகத்துக்கேற்பப் படத்தை ஓட்டுவது. செக் நாட்டு ரூவி செயலி இவ்வழியில் செல்கிறது. படத்தோடு இடமும் உயரமும் சேர்த்துப் பதிவாகின்றன. உயரப் பதிவில் பிழையிருந்தால் படத்தில் இறக்கமும் காலில் ஏற்றமுமாக விநோதமாக இருக்கும். மூன்றாவது, படமே இல்லாமல் ஒரு சாலையின் ஜி.பி.எஸ். கோப்பை மட்டும் ஏற்றி அதன் சரிவுகளை மிதிப்பது. கண்ணுக்கு விருந்தில்லை, காலுக்கு அதே ஏற்றம்.

எரிமலைச் சாலையைப் படமெடுப்பதில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. அந்தச் சாலை நாளை இருக்குமா என்பது உறுதியில்லை. 2018இல் ஹவாயின் கீலவேயா வெடித்தபோது, உச்சியைச் சுற்றிய கிரேட்டர் ரிம் சாலையின் ஒரு பகுதி இடிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. ரீயூனியனில் 2007 ஏப்ரலில் சிகரத்தின் டொலோமியூ வாய் உள்வாங்கிச் சரிந்தது. குழம்பு கடலோர நெடுஞ்சாலையைக் குறுக்கே மூடியது. அதற்கு முன் எடுத்த படம் எவரிடமாவது இருந்தால், உலகில் இல்லாத சாலையில் இன்றும் மிதித்துக்கொண்டிருக்கலாம்.

திரை தராதவை

2,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறையும். அதே கால், அதே மனம், ஆனால் வாட் குறையும். ஒரகடத்து அறையில் அந்தக் குறை இல்லை. கந்தக நெடி இல்லை, உச்சிக் குளிர் இல்லை. விலையுயர்ந்த சில கருவிகளைத் தவிர, இறக்கத்தில் தானாக வேகம் பிடிக்கும் உணர்வும் இல்லை.

இவற்றைவிட முக்கியமாக, சமநிலை, வளைவில் சாய்தல், பிரேக்கைப் பதமாகப் பிடித்தல், பின்னால் வரும் லாரியின் ஒலியை வைத்தே தூரத்தை அளத்தல் ஆகிய எதையும் கருவி கற்றுத்தராது. ஆறு மாதம் அறையில் மிதித்த ஒருவருக்குக் கால் வலுவாகியிருக்கும். சாலையில் அவர் புதியவரே. வலுவான காலோடு வேகமாகப் போகிற புதியவர் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

போட்டிகளும் ஏமாற்றும்

சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் முதல் மெய்நிகர் உலகப் போட்டியை 2020 டிசம்பர் 9 அன்று வாட்டோபியாவில் நடத்தியது. ஆடவரில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்னும், மகளிரில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் வென்றார்கள். ஆஸ்போர்ன் அடிப்படையில் படகுத் துடுப்பு வீரர்; அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் வெள்ளி வென்றார். 2024இல், இலவசமாகக் கிடைக்கும் மைவூஷ் செயலியில் நடந்த உலகப் போட்டியிலும் அவரே ஆடவர் பட்டத்தை வென்றார்.

ஏற்றத்தில் வேகம் எடையைப் பொறுத்தது என்று பார்த்தோம். செயலியில் 70 கிலோக்காரர் 60 என்று எழுதிவிட்டால், அதே வாட்டில் வேகமாக ஏறிவிடுவார். அதனால்தான் பெரிய போட்டிகளில் எடையும் உயரமும் சரிபார்க்கப்படுகின்றன. 2019இல் பிரிட்டனின் முதல் தேசிய மெய்நிகர் போட்டியில் வென்றவரின் பட்டம் பின்னர் பறிக்கப்பட்டது. பல்லாயிரம் மீட்டர் ஏறினால்தான் கிடைக்கும் வேகமான மெய்நிகர் வண்டியை, தானே மிதிக்காமல் ஒரு நிரலை ஓட்டிப் பெற்றிருந்தார் என்பது குற்றம்.

அறையின் வெப்பம்

சென்னைப் பகுதியில் இதைத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்கவேண்டியது மின்விசிறி. 150 வாட் திறனில் மிதிப்பவரின் உடல் மொத்தம் 650 வாட் அளவுக்கு ஆற்றலை எரிக்கிறது. உண்மை மலையில் மிதியின் வேலை உயரமாகச் சேமிக்கப்படும்; கருவியிலோ அந்த 150 வாட்டும் உலோகத்தட்டில் வெப்பமாகிறது. அதாவது 650 வாட்டும் அறைக்குள்ளேயே வந்து சேர்கிறது. ஏறக்குறைய ஓர் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் விடாமல் வைத்திருப்பதைப் போல. சாலையில் உடலைக் குளிர்விக்கும் எதிர்க்காற்றும் இல்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டினால் உடல் குளிராது. ஈரப்பதம் மிகுந்த மே மாத இரவில் அதுதான் நடக்கும். சன்னலைத் திறந்து, விசிறியை நேர் முன்னால் வைத்து, உப்பிட்ட மோரோ தண்ணீரோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். தலைசுற்றல், குளிர்நடுக்கம், குமட்டல் வந்தால் உச்சி இன்னும் எத்தனை மீட்டர் என்று பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

கருவி இல்லாதவர்களுக்கு

நல்ல கருவி ஒன்றின் விலை பல பத்தாயிரம் ரூபாய். நான் பார்த்த நண்பர்களைப்போலக் கூட்டாக வாங்கினால்தான் பலருக்குக் கட்டுப்படியாகும். வாட் என்பதை உடலால் அறிய அது தேவையுமில்லை. பள்ளியில் நான் செய்யவைத்த சோதனை இது: ஒரு படியின் உயரத்தை அளந்து, படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். 50 கிலோ எடையுள்ள மாணவர் 6 மீட்டர் உயரத்தை 20 வினாடியில் ஏறினால் 50 × 9.8 × 6 ÷ 20 = 147 வாட். ரீயூனியன் எரிமலை விளிம்புக்குப் போக நாம் எடுத்துக்கொண்ட திறன் அதுதான். 20 வினாடி முடிந்து மேல்மாடியில் நின்று மூச்சுவாங்கும்போது, இதையே நிறுத்தாமல் 53 நிமிடம் செய்வது எப்படியிருக்கும் என்று மாணவர்களே கேட்டுக்கொள்வார்கள்.